நீ குடித்த கிணறு

மச்சான்,

இன்று காலை வேலைக்குப் போகிற வழியில், எங்கள் கொக்குவில் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் யூரியா மணந்தது. இரவு மழையில் ஒரு மூட்டை நனைந்து, மூக்கை அரிக்கிற அந்த நெடி. சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். சமாதானப் பேச்சுத் தொடங்கிய பிறகு, அரசாங்கத்தின் தடையில் இருந்த சாமான்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. சோப்பு வந்தது, பற்றரி வந்தது, இப்போது பசளையும் வந்துவிட்டது. வரிசையில் நின்ற கமக்காரர்களின் முகத்தில் கலியாண வீட்டுச் சிரிப்பு. நானும் சிரித்திருக்க வேண்டும். எனக்கு உன் நினைவுதான் வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. இதை உனக்குத்தான் சொல்லலாம். நீயோ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எங்களோடு படித்தவர்கள் எல்லாரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நீ பெட்டியோடு வந்து இறங்கினாய். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம், அங்கேயே வேலை தருகிறேன் என்று நின்ற பேராசிரியர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாய். எங்கள் பல்கலைக்கழக விரிவுரையாளர் அறையில் உன்னை விசரன் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். நானும் கேட்டேன்.

"அங்கை என்னடா குறை உனக்கு?"

"அங்கத்தைத் தண்ணியைச் சோதிக்க அங்கை ஆக்கள் இருக்கினம். இஞ்சத்தைத் தண்ணிக்கு ஆர் இருக்கினம்?"

அந்தத் தண்ணீர்தான் உன் ஆராய்ச்சி. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளிக் கொட்டுகிற யூரியா, எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கிக் கிணறுகளில் நைத்திரேற்று உப்பாகச் சேர்கிறது. பெரியவர்கள் தாங்குவார்கள், கைக்குழந்தைகள் தாங்காது. அது எவ்வளவு சேர்கிறதென்று மாதாமாதம் கிணறு கிணறாகப் போய் அள்ளிப் பார்த்தோம். நீ முன்னால், போத்தல் பெட்டியோடு நான் பின்னால். உனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. முடிவைக் கிணற்றுக்காரருக்கு முதலில் சொல்ல வேண்டும், அதுவும் அவர்களுக்கு விளங்குகிற தமிழில். வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அதன் பிறகுதான். இன்னொன்றும் இருந்தது. போத்தலை நிரப்புவதற்கு முன் அந்த வீட்டில் ஒரு வாய் வாங்கிக் குடிப்பாய்.

மணியக்கா வீட்டுக்கு முதல் தரம் போன நாள் உனக்கு மறந்திருக்காது. சண்டிலிப்பாயில் தோட்டங்களின் கடைசித் தொங்கலில் இருக்கிற சின்ன வளவு. சாதியைச் சொல்லி ஊர்க் கிணறுகளில் அவர்களை அள்ளவிடாத காலத்தில் மணியக்காவின் தகப்பன் தானே கல்லுடைத்து வெட்டின கிணறு. அப்படியானவர்களுக்கு எங்கள் வீடுகளில் தண்ணீர் கொடுக்கிற முறை நாங்கள் இரண்டு பேரும் கண்டு வளர்ந்ததுதான். அவர்கள் படலைக்கு வெளியே குனிந்து நின்று கையை ஏந்த, அம்மா செம்பை உயர்த்திப் பிடித்து ஊற்றுவா. செம்பு அவர்களின் கையில் படாது. அதைப் பார்த்துக்கொண்டே நான் பலகாரம் சாப்பிட்டிருக்கிறேன், தொண்டையில் ஒன்றும் சிக்கவில்லை.

மணியக்கா அன்று தயங்கித் தயங்கித்தான் செம்பை நீட்டினா. நீ வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, "அக்கா, இன்னும் கொஞ்சம்" என்றாய். அந்த மனுசிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பி வரும்போது உன்னைச் சீண்டினேன்.

"ஆராய்ச்சிக்காரன் நைத்திரேற்றைக் குடிச்சுச் சாகப் போறான்."

"குடிக்காத கிணத்தைப் பற்றி எழுத எனக்கு வெக்கமடா," என்றாய். கொஞ்சத் தூரம் சைக்கிளை உழக்கிவிட்டு, "லண்டனுக்குப் போறது சுகம் மச்சான். கொக்குவிலிலை இருந்து அந்த வளவுக்குப் போறதுதான் தூரம்," என்றும் சொன்னாய். அதன் பிறகு மணியக்கா உன்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டா. என்னை இன்றுவரைக்கும் 'சேர்' என்றுதான் கூப்பிடுகிறா.

தொண்ணூறில் சண்டை திரும்ப மூண்டு, தடை விழுந்து, யூரியா வருவது நின்றது. தோட்டம் காய்ந்தது, சனம் வயிற்றைக் கட்டியது. ஆனால் நாங்கள் சோதித்த கிணறுகள் நைத்திரேற்றுக் குறைந்து மெல்ல மெல்லத் தெளியத் தொடங்கின. நான் துள்ளினேன். உலகத்தில் வேறு ஆரிடமும் இப்படியொரு முடிவு இராது என்றேன். உன் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. "சனத்தின்ரை வயித்தைக் கட்டி வந்த முடிவு. இதை எங்கை சொன்னாலும் தலையைக் குனிஞ்சுதான் சொல்ல வேணும்," என்றாய். பிறகு உன் நெஞ்சுவலிக்கு மருந்து தேடி நாங்கள் அலைந்ததும், மருந்து ஏற்றி வந்த கப்பல் நீ கண்மூடி உன் எட்டுச் செலவும் முடிந்த பிறகு வந்து சேர்ந்ததும் நடந்தன. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

இப்போது எங்கள் பல்கலைக்கழகத்துக்கு நீண்டகாலத் திட்டம் ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நாட்டின் உயர்கல்வியையே மாற்றப் போகிறார்களாம். ஆராய்ச்சி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு தொடர்பு, மாணவர் பரிமாற்றம். ஆராய்ச்சி அத்தியாயம் என்னுடைய தலையில். உன் கிணறுகளைத்தான் அதில் முன்னுக்கு வைத்தேன். போன கிழமை, எங்களோடு சேர்ந்து வேலைசெய்ய முடியுமா என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் வந்தார். நல்ல மனுசன். முடிவுகளைப் பார்த்துவிட்டு, "இப்படியொரு பரிசோதனையை எந்த நாடும் வேண்டுமென்று நடத்த முடியாது" என்று வியந்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நன்றி என்றேன். எங்கள் சனம் பட்டினி கிடந்ததற்கு நன்றி சொன்னேன், மச்சான்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கிணறுகளைப் பார்க்க வேண்டும் என்றார், கூட்டிக்கொண்டு போனேன். இஞ்சத்தைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, ஒரு இடத்திலும் குடிக்க வேண்டாம் என்று அவருக்கு முதலே சொல்லி வைத்தவனும் நான்தான். மணியக்கா புளி போட்டு மினுக்கின செம்போடு வந்தா. அவர் சிரித்தபடி தன் பையிலிருந்த போத்தலைத் தூக்கிக் காட்டினார். அவ என் பக்கம் நீட்டினா.

"வேண்டாம் அக்கா, இப்பத்தான் குடிச்சிட்டு வாறம்," என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எனக்கே கேட்டது. எங்கள் ஆட்கள் அந்த வளவுகளில் காலங்காலமாகச் சொல்லிவருகிற அதே வசனம். விருந்தாளி சங்கடப்படக்கூடாதென்று சொன்னேனென்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன், எடுபடவில்லை. நைத்திரேற்றுக்குப் பயந்தேனென்றும் சொல்ல வழியில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர் இப்போது என் வீட்டுத் தண்ணீரைவிட நல்லது. சோதித்தவன் நான்.

"ஓம் சேர், நீங்கள் குடிச்சிட்டுத்தானே வருவியள்," என்றுவிட்டு மணியக்கா செம்போடு உள்ளே போய்விட்டா. வாசலில் அவவின் மகள் பச்சைக் குழந்தையோடு நின்றாள். பால்மா கரைக்கத் தண்ணீர் அடுப்பில் கொதித்தது. அந்தக் கிணற்றின் முடிவை அந்தத் தாய்க்குச் சொல்லத்தான் நான் முதலில் போயிருக்க வேண்டும். ஒரு சொல்லும் சொல்லாமல் வாகனத்தில் ஏறினேன். அந்த அம்மாவுக்கு என்ன கோபம் என்று பேராசிரியர் கேட்டார். வெயில் என்றேன்.

அதனால்தான் இன்று யூரியா மணந்தபோது எனக்கு வெட்கம் வந்தது. இனி அந்தத் தோட்டங்களில் பசளை விழும். தண்ணீர் திரும்பக் கெடும். கொதிக்க வைத்தால் எல்லாம் போகும் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும். நைத்திரேற்று கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். வேலைக்குப் போகாமல் சைக்கிளைச் சண்டிலிப்பாய்க்குத் திருப்பினேன்.

மணியக்கா கிணற்றடியில் நின்றா. என்னைக் கண்டும் வா என்று சொல்லவில்லை.

"அக்கா, குடிக்கத் தண்ணி தாறியளோ?"

"ஏன் சேர், இண்டைக்கு வழியிலை ஒருத்தரும் தரேல்லையோ?"

"நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை."

வாளியைக் கிணற்றில் இறக்கி இழுத்தா. பிறகு வாளியிலிருந்து செம்பில் மொண்டா. வாங்கக் கையை நீட்டினேன். செம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டா.

"கையை ஏந்துங்கோ சேர். கொஞ்சம் குனியுங்கோ."

குனிந்தேன். உயரத்திலிருந்து ஊற்றினா. பாதி வாய்க்குள் போனது, பாதி முழங்கையால் வழிந்து சேர்ட்டை நனைத்தது. குனிந்து குடிக்கிறவனுக்கு ஊற்றுகிறவரின் முகம் தெரியாது, மச்சான். எங்கள் படலையில் குனிந்து நின்ற ஒருவருமே அம்மாவின் முகத்தைக் கண்டிருக்க மாட்டார்கள். இவ்வளவு படித்த எனக்கு அது இன்றைக்குத்தான் தெரிந்தது. செம்பு முடியும் மட்டும் குடித்தேன்.

நிமிர்ந்தபோது அவ வேறெங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தா. "பிள்ளை, இஞ்சை வா. சேர் என்னவோ சொல்ல வந்திருக்கிறார்," என்று மகளைக் கூப்பிட்டா. எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் இப்போதைக்கு நல்லது, பக்கத்துத் தோட்டத்தில் பசளை போட்டால் மாறும், கொதிக்க வைப்பதை நம்ப வேண்டாம், மாதாமாதம் பார்த்து நானே வந்து சொல்லுவேன். அந்தப் பிள்ளை குழந்தையை மாற்றித் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டது.

"தம்பி இருந்திருந்தால் அண்டைக்கே சொல்லியிருக்கும்," என்றா மணியக்கா.

"ஓம் அக்கா," என்றேன்.

பின்னேரம் வந்து அத்தியாயத்தின் தொடக்கத்தை அடித்துவிட்டு உன் பிடிவாதத்தை அங்கே எழுதினேன். முடிவு முதலில் கிணற்றுக்காரருக்கு, பிறகுதான் கடல் கடக்கும். இது ஆராய்ச்சியா, ஊர்ச்சேவையா என்று குழுவில் கேட்பார்கள். கேட்கட்டும், சண்டை பிடிப்பேன். அந்தச் சண்டை எனக்குப் பெரிதில்லை. அடுத்த மாதம் அந்த வளவுக்குப் போகிறதுதான் தூரம், நீ சொன்னது சரி. செம்பைக் கையில் தருவாவோ, திரும்பவும் குனியச் சொல்லுவாவோ தெரியாது. குனியச் சொன்னாலும் குடித்துவிட்டுத்தான் போத்தலை நிரப்புவேன்.