டோக்கனை யாருக்குக் கொடுத்தாய்?

காலடிப்பேட்டை,
15-7-1951

மாமு சௌக்கத்துக்கு,

உன் தோஸ்து ஜெயவேல் எழுதுவது. நானும் மங்கையும் பிள்ளைகளும் சௌக்கியம். வாணியம்பாடித் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? நீ அங்கே வாத்தியாராகப் போனதிலிருந்து உன் கடிதம் முழுக்கச் சிவப்பு மைதான். என் இங்கிலீஷ் பயிற்சியைத் திருத்துகிறாய், சரி. 'எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வரி கேட்டால் உன் பள்ளிக்கூடத்தில் அபராதமா?

இந்தத் தடவை பயிற்சி இல்லை, நிஜமாகவே இங்கிலீஷ் வேண்டியிருக்கிறது. எங்கள் கம்பெனி டூல் ரூமில் நிரந்தரமானவர்களுக்கு ஆளுக்கொரு பித்தளை டோக்கன், நம்பர் போட்டது. அதைக் கொடுத்தால் கருவி தருவார்கள். கருவி திரும்பும்வரை டோக்கன் ஆணியில் தொங்கும். போன வாரம் மயிரிழை கனம் அளக்கிற ஒரு மைக்ரோமீட்டர் காணாமல் போனது. ஆணியில் தொங்கியது 214. என் நம்பர்! அந்தக் கருவியை நான் தொடவேயில்லை. டோக்கனை வேறொரு ஆளுக்கு இரவல் கொடுத்திருந்தேன். தப்புதான், ஆனால் இரவல் கொடுக்காத ஆள் அங்கே ஒருத்தன் கிடையாது.

'உன்னை ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது' என்று கேட்டு எனக்கு மெமோ வந்துவிட்டது. ஆகஸ்டு முதல் தேதி விசாரணை. மேனேஜர் வெள்ளைக்காரர், பதில் இங்கிலீஷில் வேண்டும். யூனியனில் எழுதித் தருகிறார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே கடிதம், 'ஏழை, பிள்ளைகுட்டிக்காரன், கருணை காட்டுங்கள்' என்று. பதினோரு வருஷம் லேத் ஓட்டியவன் எதற்குக் கெஞ்ச வேண்டும்? நடந்ததை நானே எழுதுகிறேன். நீ திருத்து.

ஜெயவேல்


வாணியம்பாடி,
18-7-1951

அன்புள்ள ஜெயவேலுக்கு,

எப்படி இருக்கிறாய்? கேட்டுவிட்டேன், திருப்தியா?

பயப்படாதே. உண்மை உன் பக்கம் இருக்கிறது, இலக்கணம் என் பக்கம் இருக்கிறது. கவனி. இரண்டு காரியத்தில் முதலில் முடிந்ததற்கு 'ஹாட்' போட வேண்டும். 'ஆப்டர்', 'பிகாஸ்' என்று தொடங்கும் துண்டு தனியாக நிற்காது, பெரிய வாக்கியத்தோடு சேர்ந்தால்தான் நிற்கும். அந்தத் துண்டுக்குள்ளேயே யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எதைக் கொடுத்தது, மூன்றும் வந்துவிட வேண்டும். 'ஆப்டர் மை வைப் ஹாட் கிவன் மீ டீ, ஐ வென்ட் டு வொர்க்.' மனைவி டீ கொடுத்து முடித்தாள், அப்புறம்தான் நீ வேலைக்குப் போனாய். இதே அச்சில் உன் பதிலை எழுதி அனுப்பு.

ஆள் துணை வேண்டுமானால் என் தம்பி ஹுமாயூனைக் கூப்பிட்டுக்கொள். உன் கம்பெனியில் அவனைச் சேர்த்துவிட்டதே நீதானே. அடுத்த மாதம் அவனை நிரந்தரம் செய்கிறார்களாம். தண்டையார்பேட்டை தெரு முழுக்க உம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

சௌக்கத் அலி


காலடிப்பேட்டை,
21-7-1951

மாமுவுக்கு,

உன் டீ வாக்கியத்தை மங்கைக்கு அர்த்தம் சொன்னேன். "இன்னாத்துக்கு நான் டீ குடுத்தது வெள்ளக்காரனுக்குத் தெரியணும்? வூட்டு விஷயத்தயெல்லாம் எய்திக்கினு கீறியே!" என்று ஒரே சண்டை. உன்னால் இரண்டு நாளாக டீ இல்லை.

என் வாக்கியம் இதுதான்: 'பிகாஸ் ஐ ஹாட் கிவன் அனதர் மேன் மை டோக்கன், ஐ டிட் நாட் டேக் த டூல்.' வேறொருத்தனுக்கு டோக்கனைக் கொடுத்துவிட்டதால் கருவியை நான் எடுக்கவில்லை. எப்படி? நம்ம ஆளு கெட்டிக்காரன் என்று சொல்லு பார்க்கலாம்.

ஜெயவேல்


வாணியம்பாடி,
24-7-1951

ஜெயவேலுக்கு,

வாக்கியத்தில் பிழை இல்லை. புத்தியில்தான் பிழை. யாரப்பா அந்த 'அனதர் மேன்'? மேனேஜர் கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுதான். கருவி எவன் கைக்குப் போனது என்று சொல்லாவிட்டால் நீயே விழுங்கினாய் என்றுதான் எழுதுவார்கள். இரண்டு கடிதத்திலும் அந்த இடத்தில் மட்டும் மழுப்புகிறாய். எவனோ ஒருத்தன் திருட்டுப் பூனை மாதிரி ஒளிந்திருக்க, உன் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டுமா? தெரிந்த பெயரை மறைப்பதும் பொய்தான். என் வகுப்புப் பிள்ளைகளுக்கே இதைச் சொல்கிறேன். பெயரை எழுது. உன் வாத்தியார் உத்தரவு இது.

சௌக்கத் அலி


காலடிப்பேட்டை,
26-7-1951

சௌக்கத்,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். உன் தம்பி ஹுமாயூன்.

நிரந்தரம் ஆகாதவர்களுக்கு டோக்கன் கிடையாது. அன்றைக்கு ஓடிவந்து, "அண்ணே, உன் டோக்கன குடுண்ணே, போர்மேன் கத்திக்கினு கீறாரு" என்றான். கொடுத்தேன். அதற்கப்புறம் என்னைக் கண்டாலே வேறு பக்கம் போகிறான். என்ன ஆனதென்று கேட்டால், "நாளைக்குச் சொல்றேண்ணே" என்கிறான். அவன் திருடமாட்டான், எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னிடமும் சொல்லவில்லை.

பெயரை எழுதட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

ஜெயவேல்


வாணியம்பாடி,
28-7-1951

அன்பு நண்பன் ஜெயவேலுக்கு,

இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். நன்றாக யோசித்துப் பார்த்தேன். 'அனதர் மேன்' என்பதே போதும் என்று தோன்றுகிறது. இலக்கணப்படி அதில் ஒரு குறையும் இல்லை.

உன் கையில் தொழில் இருக்கிறது. எண்ணூர் வரைக்கும் எந்தப் பட்டறையிலும் உன்னைக் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். அவனுக்கு என்ன இருக்கிறது? திருட்டுப் பட்டம் விழுந்தால் எவன் சேர்ப்பான்? உம்மா தாங்கமாட்டாள். தப்பாக நினைக்காதே. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

சௌக்கத்


காலடிப்பேட்டை,
5-8-1951

சௌக்கத்துக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நேராகத் தண்டையார்பேட்டைக்குப் போய் ஹுமாயூன் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். "எங்கண்ணனா இத்த எய்திச்சு? ஊரான் புள்ளைங்களுக்குப் புத்தி சொல்ற வாத்தியாரா? உன்ன வேல வுட்டுப் போவச் சொல்லுதேண்ணே!" என்று அழுதுவிட்டான். மைக்ரோமீட்டர் கைதவறிக் கீழே விழுந்து வளைந்துவிட்டதாம். பயந்துபோய் இரும்புக் குப்பையில் புதைத்து வைத்திருக்கிறான். இவ்வளவுதான் திருட்டு.

மறுநாள் விசாரணைக்கு நான் கூப்பிடாமலே வந்தான். வளைந்ததை மேனேஜர் மேஜைமேல் வைத்து, "நான்தான் எடுத்தேன், நான்தான் ஒடச்சேன்" என்றான். போர்மேன் அதை இங்கிலீஷில் சொன்னார். மேனேஜர் என் பக்கம் திரும்பி, இவ்வளவு நாள் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அதற்கு நான் எதுவும் எழுதிக்கொண்டு போகவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது: 'பிகாஸ் ஹிஸ் பிரதர் ஹாட் டாட் மீ இங்கிலீஷ்.' இவன் அண்ணன் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்திருந்தான், அதனால் என்று.

எனக்கு எச்சரிக்கையோடு போயிற்று. ஹுமாயூனுக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன், நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. வேலை போகவில்லை. இரண்டு நாளாக எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறான். உனக்கு எழுதடா என்றால் மாட்டேன் என்கிறான். நீதான் முதலில் எழுத வேண்டும்.

எனக்கும் உன்மேல் கோபம் இருக்கிறது, மாமு. என் வேலை போனால் பரவாயில்லை என்று உன் கையால் எழுதிவிட்டாயே, அது வலிக்கிறது. "தம்பின்னா நீயா இருந்தாலும் தடுமாறித்தான் போயிருப்பே" என்று மங்கை என்னிடம் சொல்கிறாள். இருக்கலாம். அதற்காக வலிக்காமல் போகுமா?

ஒரு வரி பதில் போடு. வெட்கப்பட்டுக்கொண்டு எழுதாமல் இருந்துவிடலாம் என்று நினைக்காதே. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் கடிதம் வராவிட்டால், உன் தம்பியையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி உன் வகுப்பு வாசலுக்கே வந்து நிற்பேன்.

ஜெயவேல்