வளையல் என்பதை வளையம் எனப் படிக்கவும்

நவம்பர் 4, செவ்வாய்

அதியமான்கோட்டை ஜாஸ்மினுக்கு முனைவர் பட்டம் உறுதி. ஆதாரம்: பல்கலைக்கழக அறிவிக்கை, நானே பார்த்தேன். தலைப்பு, தமிழில் அவர் சரிபார்த்தது: 'ஆர்ட்டினியன் வளையங்களின் அமைப்பும் சீர்மங்களின் அளவும்'. வளையம் என்பது கூட்டவும் பெருக்கவும் முடிகிற ஓர் எண்கூட்டம் மாதிரி. சீர்மம் அதற்குள் ஒரு பகுதி. "ஒண்ணுக்குள்ள ஒண்ணா சின்னதாயிக்கிட்டே போனா எங்கயாச்சும் நின்னே ஆவணும் சார். அதான் ஆர்ட்டினியன்" என்றார். பன்னிரண்டு வரிச் செய்தியாக எழுதிச் சேலத்திலுள்ள பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

நவம்பர் 5, புதன்

ஐயோ. இன்றைய பேப்பரில் தலைப்பு: 'வளையல்களின் சீரான அளவு: தருமபுரிப் பெண் ஆராய்ச்சி'. வளையல் கடைப் படம் வேறு.

சேலம் டெஸ்க்கில் செய்தி திருத்தும் அறிவழகன்: "வளையம்னு தப்பா அடிச்சிருந்தீங்கண்ணே. நாந்தான் திருத்துனேன்." நன்றி எதிர்பார்க்கிறான்.

நவம்பர் 6, வியாழன்

ஜாஸ்மின் விண்ணப்பித்திருந்த கல்லூரியின் செயலாளர் செய்தியைப் படித்துவிட்டாராம். கணிதத் துறைக்கு இவர்தான் என்று முடிவும் செய்துவிட்டாராம். அங்கே எழுத்தராக இருக்கும் அருள்குமார் போனில் சொன்னார்: "பொம்பளப் புள்ளைங்களுக்கு ஒதவுற கணக்கு இப்பத்தான் ஒண்ணு வந்திருக்குன்னாருங்க."

ஜாஸ்மினிடம் சொன்னேன்.

"திருத்தம் போடுங்க சார்."

வேலை போனால்?

"நாலு வருசமா வேலை தேடுறேன் சார். அதுக்காவ வளையலுக்குக் கெடச்ச வேலைல போயி உக்காரச் சொல்றீங்களா?"

சொல்லாமலே இருந்திருக்கலாமோ? எப்படி இருப்பது?

நவம்பர் 7, வெள்ளி

திருத்தம் ஏழு வரி அனுப்பினேன். விளம்பரம் வந்ததால் நான்காகக் குறைந்தது. தொப்பூரில் லாரி கவிழ்ந்ததால் இரண்டு. மாலையில் ஒன்று.

"பூஜ்யத்துல போயி நின்னாலும் கணக்குல அது நின்னதுதான் சார்" என்று சிரித்தார் ஜாஸ்மின். நான் சிரிக்கவில்லை.

நவம்பர் 8, சனி

ஒரு வரியிலேயே நின்றது. ஒன்பதாம் பக்கம், ராசிபலனுக்குக் கீழே: 'வளையல் என்பதை வளையம் எனப் படிக்கவும்.'

அருள்குமாரைக் கூப்பிட்டேன். "செயலாளரு பாத்துட்டாருங்க. வளையம்னா இங்கிலீசுல ரிங்குதானேன்னாரு. வளையலோட மோதிரத்துக்கும் அளவு கண்டுபுடிச்சிருக்கா, கெட்டிக்காரப் பொண்ணுன்னாருங்க."

அதையும் ஜாஸ்மினிடம் அப்படியே சொன்னேன்.

"இனிமே நீங்க எழுதாதீங்க சார். திங்கக்கெழம நானே போறேன். அவரு ரூம்ல போர்டு இருக்குமில்ல?"

நிலுவை: நியமன ஆணை. திங்கள் காலை பத்தரை என்கிறார் அருள்குமார். ஜாஸ்மின் கையெழுத்துப் போடுவது, வளையம் என்றால் என்னவென்று போர்டில் எழுதி முடித்த பிறகுதானாம். செயலாளர் அறையில் போர்டு இருக்கிறதா என்று அருள்குமாரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.