நாலு பேரும் மற்றவர்களின் பாட்டும்

2 பெப்ரவரி 2025, ஞாயிறு

இன்றைக்கும் சோதனை நடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, கையைக் கழுவி, என் மனுசன் வரதராசா இசைத்தட்டுப் பெட்டியைத் திறப்பார். கலியாணம் எழுதின நாள் தொடக்கம் ஒரு ஞாயிறு தவறியதில்லை.

சோதனை இப்படி. முதலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய ஆங்கிலப் பாட்டு, அதை முதலில் பாடினவரின் குரலிலேயே. பிறகு அதே பாட்டு இவருடைய 'நாலு பேர்' பாடினது. அமெரிக்காவின் கறுப்பினப் பாட்டுக்காரர்கள், 'சோல்' என்கிற இசைவகை பாடுகிறவர்கள். அட்டையில் ஒரே மாதிரி நீலக் கோட்டும், நெஞ்சில் சுருக்கு வைத்த சட்டையுமாக, போட்டோக்காரர் சொன்னபடி நிற்கிற மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி நிற்பார்கள். சொந்தப் பாட்டுகளும் இருக்கின்றனவாம். ஆனால் இவருக்குப் பிடித்தது அவர்கள் மற்றவர்களின் பாட்டை எடுத்துப் பாடினதுதான். பாரிசுக்கு வந்த புதிதில் கோப்பை கழுவின ரெஸ்டோரண்டில், குவாதலூப் தீவுச் சமையல்காரர் ஒருவர் நாள் முழுக்க இதைத்தான் போடுவாராம். பிரெஞ்சு படிக்க முதலே இவர் இதைப் படித்துவிட்டார்.

நாலு பேருக்கும் பட்டப்பெயர் வைத்திருக்கிறார். அடிக்குரல்காரர் 'காவ்', எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறை. உச்சத்தில் பாடுகிறவர் 'ஆறாம் மாடி'. மற்ற இருவரும் 'இரண்டாம் மாடி', 'மூன்றாம் மாடி'. பலசரக்குக் கடையில் வேலை செய்து, லிப்ட் இல்லாத கட்டடத்தில் அரிசி மூட்டை தூக்குகிற மனுசனுக்கு வேறு என்ன தோன்றும்.

"எது நல்லம்?" என்று கேட்டார்.

"ரெண்டாவது," என்றேன். எப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

"ம்," என்று தட்டை உறையில் போட்டார். சரியான விடைக்கும் புள்ளி போடாத வாத்தியார்.

தில்லை அக்கா எப்போதும் முதலாவதைத்தான் சொல்வாவாம். 'முதல் பாடினவன்ரைதான் பாட்டு, மிச்சமெல்லாம் பொழுதுபோக்கு' என்பாவாம். தில்லைநாயகி அக்கா இவருடைய முதல் மனைவி. நோய் வந்து காலமாகிவிட்டா. நான் ஒருநாளும் காணாத மனுசி. அவவின் சட்டியில் சமைக்கிறேன், அவவின் கொளுக்கியில் என் கோட்டைக் கொளுவுகிறேன். எழுதும்போது 'அக்கா' என்றுதான் கை வருகிறது.

6 பெப்ரவரி, வியாழன்

சாம்பவி இன்றைக்கும் என்னோடு சண்டை பிடிக்கவில்லை.

9 பெப்ரவரி, ஞாயிறு

வியாழக்கிழமை எழுதினதை வாசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எந்தப் பொம்பிளை சண்டை வேண்டும் என்று எழுதி வைப்பாள்?

ஆனால் உண்மை அதுதான். சாம்பவி அக்காவின் ஒரே மகள். றுவாசி விமான நிலையத்தில் வேலை, இருபத்துநாலு வயது, அழகான பிள்ளை. தகப்பனைப் போட்டு வறுத்து எடுப்பாள். சப்பாத்தை நடுவழியில் விட்டதற்கு ஒரு பாட்டம், பாட்டுச் சத்தத்துக்கு ஒரு பாட்டம், பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார், சந்தோஷமாக. என் பக்கம் திரும்பினால் குரல் மாறி நன்றி சொல்லும். "மெர்சி, நல்லாயிருந்தது." "பரவாயில்லை, நீங்கள் இருங்கோ, நான் எடுக்கிறன்." விமான நிலையத்துக் கவுண்டரில் நின்று பயணிகளோடு பேசுகிற குரல் அது. நான் இந்த வீட்டில் இன்னும் பயணிதான்.

நான் பல் வைத்தியரிடம் வரவேற்பில் இருக்கிறவள். நாள் முழுக்க நம்மட சனத்துக்கு 'வாயைத் திறவுங்கோ' என்று மொழிபெயர்க்கிறேன். வீட்டில் ஒரு வாயைத் திறக்க வைக்க முடியவில்லை.

ஆகவே இன்றைக்கு ஒரு வேலை பார்த்தேன். தேங்காய்ப்பால் விட்ட சொதியில் வேணுமெண்டே இரண்டாம் தரமும் உப்புப் போட்டேன். வரதராசா முதல் வாயிலேயே என்னைப் பார்த்தார். சாம்பவி முழுக்கச் சாப்பிட்டாள். பிறகு இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தாள்.

"மெர்சி, நல்லாயிருந்தது."

சரி. தோற்றது நான்தான்.

2 மார்ச், ஞாயிறு

இன்றைக்கு ஒரு பெரிய பிழை விட்டுவிட்டேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். வாயில் ஏதோ ஒரு பாட்டு வந்தது. பழைய சினிமாப் பாட்டு. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களில் அது தெரியாத ஆள் இல்லை. பெயரை இங்கே எழுதவில்லை, எழுதினால் திரும்பவும் வாயில் வந்துவிடும். தனிக்குரலாக, நல்லாய்த்தான் பாடினேன். செவ்ரானில் தம்பி கரிகாலன் வீட்டில் இருந்த காலத்தில் ஒன்றுகூடல்களில் என்னைத்தான் பாடச் சொல்வார்கள். 'அப்பிடியே ரேடியோவிலை கேட்ட மாதிரி' என்பார்கள். அதுதான் எங்கள் சனம் தருகிற பெரிய பட்டம்.

அந்த வரி வந்தது. எல்லாரும் காத்திருக்கிற அந்த ஒரு வரி. அதையும் அப்படியே பாடினேன். திரும்பிப் பார்த்தால் சாம்பவி வாசலில் நிற்கிறாள். போய்த் தன் அறைக் கதவைச் சாத்தினாள், மெதுவாக. அடித்துச் சாத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வரதராசா பேப்பரைப் பிடித்தபடி இருந்தார். "அது தில்லையின்ரை பாட்டு," என்றார். "சமைக்கேக்கை பாடுவா. அதுக்குப் பிறகு இஞ்சை ஒருத்தரும் பாடேல்லை."

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஓம், உமக்குத் தெரியாதுதானே. நீர் என்ன செய்வீர்." பிறகு பேப்பரை மடித்து, "அவவும் இப்பிடித்தான் பாடுவா. அப்பிடியே," என்றார்.

ஏன் அதைச் சொன்னார்? ஆறுதலுக்கா? கடவுளே, இந்த மனுசனுக்கு ஆறுதல் சொல்ல ஆராவது படிப்பிச்சிருக்கக் கூடாதா.

4 மார்ச், செவ்வாய்

சாம்பவி பொண்டி என்கிற புறநகருக்குப் போய்விட்டாள், ஆன்ஜெலிக் என்கிற சிநேகிதி வீட்டுக்கு. அங்கிருந்து வேலைக்குப் போவது சுகமாம். பொண்டியிலிருந்து றுவாசி சுகமாம், நான் நம்ப வேண்டுமாம். பெரிய பெட்டியோடு போனாள். "சமைச்சு வைச்சதுக்கு மெர்சி" என்று எனக்கு ஒரு செய்தி, கீழே ஒரு பூப்படம்.

அந்தப் பூவைப் பார்த்து அழுதேன். பூவுக்கெல்லாம் அழுகிற ஆள் இல்லை நான்.

16 மார்ச், ஞாயிறு

இன்றைக்குச் சோதனையில் முதல் முறையாக ஃபெயில் விட்டேன். நடந்தது இது.

சாம்பவி போனபிறகு இவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. சோபாவில் ஒரு மூலையில் இருப்பார். பார்க்கப் பொறுக்காமல் நானே ஒரு தட்டை எடுத்துப் போட்டேன். காதலி போய்விட்டாள் என்று ஒருவன் புலம்புகிற பாட்டு. முதல் பாடினவர் ஒற்றைக் குரலில் பாடியிருந்தார், நெஞ்சைப் பிடித்து உலுக்குகிற மாதிரி. அடுத்து நாலு பேர். அதே புலம்பலுக்கு இடுப்பை ஆட்டுகிற தாளம்.

"எது நல்லம்?" என்று பழக்கத்தில் கேட்டார்.

"முதலாவது," என்றேன். "உங்கட ஆக்கள் காதலி போனதுக்கு ஏதோ லொத்தர்ச் சீட்டு விழுந்த மாதிரிப் பாடுகினம்."

மனுசன் நிமிர்ந்து இருந்தார். "என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? அழுதுகொண்டு பாடினால்தான் கவலையோ?"

பிடித்துக்கொண்டோம். அவர் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, தேத்தண்ணி ஆறி, கீழ்வீட்டு மதாம் ரோசாலி தும்புத்தடியால் கூரையைத் தட்டும் வரைக்கும். அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் வந்ததிலிருந்து இப்படிச் சந்தோஷமாகக் கண்டதில்லை.

இரவு கோப்பை கழுவும்போது விளங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் 'ரெண்டாவது, ரெண்டாவது' என்று நான் சொன்னது வேறொன்றுமில்லை. நானும் அவருக்கு 'மெர்சி, நல்லாயிருந்தது' சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பிள்ளையை மட்டும் குறை சொன்னேன், பார்.

30 மார்ச், ஞாயிறு

நாலு பேரைப் பற்றி ஒன்று கண்டுபிடித்தேன். வரதராசாவுக்குத் தெரியாத ஒன்று, அதனால் கொஞ்சம் தலைக்கனமாக எழுதுகிறேன்.

ஒரு தட்டில் மிகவும் பிரபலமான ஒரு பாட்டு இருக்கிறது. அதிலும் எல்லாரும் காத்திருக்கிற ஒரு வரி உண்டு. நாலு பேர் பாடும்போது அந்த வரி வருகிற இடத்தில் ஆறாம் மாடி வாயை மூடிவிடுகிறார். பாடவே இல்லை. பின்னால் நிற்கிறவர்கள் மெல்ல 'ஊ' என்று இழுக்கிறார்கள், சொல் இல்லாமல். அந்த இடம் வெறுமையாகவே போகிறது. கேட்கிறவன் தன் மனதுக்குள் பழைய குரலில் அந்த வரியைப் பாடிக்கொள்கிறான். பிறகுதான் ஆறாம் மாடி திரும்ப வருகிறார்.

"அவருக்கு மூச்சு முட்டியிருக்கும்," என்றார் வரதராசா.

"மூச்சு முட்டினவர் அடுத்த வரியை அப்பிடிப் பாடுவாரோ? திரும்பப் போடுங்கோ."

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். கடைசியில், "அது மற்றவன்ரை இடம் எண்டு விட்டிருக்கினம்," என்றார். அதைத்தானே நான் சொன்னேன். தான் கண்டுபிடித்த மாதிரி நாளைக்குக் கடையில் எல்லாருக்கும் சொல்வார்.

14 ஏப்ரல், திங்கள்

வருடப்பிறப்பு. சாம்பவி சாப்பிட வந்தாள், கேக் கொண்டுவந்தாள். எல்லாம் நல்லாயிருந்ததாம்.

போகும்போது சொன்னாள்: "அம்மான்ரை திவசத்துக்கு நீங்கள் கஷ்டப்பட வேண்டாம். வழக்கமாய்க் கடையிலைதான் ஓடர் குடுக்கிறனாங்கள்."

"நான் சமைக்கிறன், பிள்ளை," என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

தகப்பனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். "உங்கட விருப்பம்," என்றாள். அந்த மூன்றாவது ஆளோடு பேசுகிற மரியாதை. எனக்கு நெஞ்சு எரிந்தது. கேக்கும் காரணமாக இருக்கலாம்.

11 மே, ஞாயிறு

திவசம் வருகிற சனி. அக்காவுக்குப் பிடித்தது என்னவென்று இவரிடம் கேட்டேன். கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு. அதில் அவவை வெல்ல ஆளில்லையாம். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவே அறிந்த குழம்பாம்.

எப்படிச் செய்வா என்று கேட்டால், "நல்லாய்ச் செய்வா," என்கிறார். முப்பது வருடம் சாப்பிட்ட மனுசன்.

பழப்புளி எவ்வளவு, பெருஞ்சீரகம் எப்போது, பால் எப்போது, ஒன்றும் தெரியாது. அவவின் குழம்பை நான் அப்படியே வைத்தால் என்ன ஆகும்? மார்ச் மாதம் நடந்ததுதான் ஆகும். கடவுளுக்குத்தான் வெளிச்சம், அப்படியே வைக்கவும் எனக்கு வராது.

17 மே, சனி

வெள்ளெனவே எழும்பி முழுகிச் சமைத்தேன். பருப்பு, பூசணி, வாழைக்காய்ப் பொரியல், முருங்கையிலை வறை, பாயசம். எல்லாம் என் கைப்படி. வறைக்கு அக்கா என்ன போடுவாவோ, நான் என் வழக்கப்படி தேங்காய்ப்பூவைக் கூட்டிப் போட்டேன். கத்தரிக்காயை மட்டும் வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொடாமல் நின்றேன்.

சாம்பவி வந்தாள். குசினிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கத்தரிக்காய் சமைக்கேல்லையோ?"

"அது அம்மான்ரை கறி, பிள்ளை. நான் தொடேல்லை."

தலைமயிரைக் கட்டினாள், சட்டியை அடுப்பில் வைத்தாள். சின்னப் பிள்ளையாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள், கை தானாகப் போகிறது. நான் கோப்பை கழுவுகிற சாட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எண்ணெயில் முதல் துண்டு விழுந்தபோது அந்தப் பாட்டைத் தொடங்கினாள். தானாகத்தான் வந்திருக்க வேண்டும். சுருதி இல்லை, பிரெஞ்சு நாக்கில் பாதிச் சொல் வழுக்குகிறது. நான் பாடவில்லை. பின்னால் நின்று மெல்ல 'ஊ' என்று இழுத்தேன், இரண்டாம் மாடி மாதிரி. அவள் நிறுத்தவில்லை, திரும்பவும் இல்லை. அந்த வரி வந்தது. அவளால் முடியவில்லை. நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். சட்டியில் எண்ணெய் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் முன் அறையிலிருந்து, அக்காவின் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த மனுசன், நிலத்துக்குக் கீழே இருந்து வருகிற குரலில், எந்தச் சுருதியிலும் சேராமல் அந்த வரியைப் பாடினார். முழுக்க.

சாம்பவி அழத் தொடங்கினாள், இடையில் சிரிப்பும் வந்தது. நானும் அப்படித்தான். அக்கா படத்தில் இருந்து கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பா.

"அப்பா, வாயை மூடுங்கோ," என்று கத்தினாள். பிறகு கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் என்ன பின்னாலை நிண்டு ஊ ஊ எண்டு ஆம்புலன்ஸ் மாதிரி? இந்தக் கத்தரிக்காயை ஆர் இவ்வளவு மொத்தமாய் வெட்டினது? இது எப்ப பொரியிறது? அம்மா எண்டால் தூக்கி எறிஞ்சிருப்பா. மற்றது, அந்தச் சொதி. அண்டைக்கு உப்பைக் கொட்டி வைச்சீங்களே, நான் சொல்லக்கூடாது எண்டு இருந்தனான், மனுசர் சாப்பிடேலுமே அதை?"

"ஓம் பிள்ளை," என்றேன். "ஓம்." தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன், தகப்பன் கேட்பது போல.

படைத்தோம். குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. ஒருவரும் நல்லாயிருந்தது என்று சொல்லவில்லை.

25 மே, ஞாயிறு

பொண்டியிலிருந்து பெட்டி வந்துவிட்டது. சப்பாத்துகளோடு நடுவழியில் கிடக்கிறது. கேட்டால் 'பிறகு எடுக்கிறன்' என்கிறாள்.

சோதனைக்கு இப்போது மூன்று பேர். நான் முதலாவது என்றேன், இவர் இரண்டாவது என்றார், சாம்பவி இரண்டும் கூடாது என்றாள். ரோசாலி இரண்டு தரம் தட்டினா.

சொதியில் உப்புக் கூடிவிட்டதாம், சாம்பவி தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். இந்தமுறை நான் வேணுமெண்டு போடேல்லை.