கொசுவலை வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு. நான் நலம்.

நீ தைத்து வைத்திருக்கும் கொசுவலையை அனுப்ப வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன், பதறாதே. எங்கள் விடுதி அறையில் இருக்கும் இஸ்திரிக்காரிக்கு எச்.ஐ.வி. என்பது அவளுடைய மாத்திரைப் புட்டியால் தெரிந்துவிட்டது. உடனே மற்ற நால்வரும் கட்டில்களைச் சுவரோரம் இழுத்து வலை கட்டிக்கொண்டார்கள். அவளை வெளியேற்றச் சொல்லி வார்டனிடமும் போனார்கள். அவள் தேய்த்துக் கொடுத்த உடுப்புகளை மட்டும் யாரும் கழற்றிப் போடவில்லை.

"அவளைக் கடிச்ச கொசு நம்மளயும் கடிக்குமே, அக்கா!" என்றாள் அந்த நால்வரில் ஒருத்தியான தையல் பிரிவு சூப்பர்வைசர். பட்டம் வாங்கியவள்!

"கொசு கடிச்செல்லாம் இது பரவாது. குடிச்ச ரத்தத்தை அது செரிச்சிடும்டி. உன்னை மாதிரி அடுத்தவங்க மேல துப்பாது" என்றேன்.

வார்டனுக்கும் மூளை அவ்வளவுதான். "பக்கத்துல படுக்க ஒருத்தி சம்மதிச்சா இருக்கட்டும்" என்றாள். என் கட்டிலை இஸ்திரிக்காரியின் கட்டிலோடு ஒட்டிப் போட்டேன்.

இப்போது தினமும் காலையில் அந்த நால்வரும் என் கைகளில் உள்ள தடிப்புகளை எண்ணுகிறார்கள். நான் வலைக்குள் படுத்தால், "பாத்தீங்களா, அவளுக்கும் பயம்" என்று மறுபடி வார்டனிடம் ஓடுவார்கள்.

அரிப்புக்குத் தைலம் அனுப்பு. தம்பியை இரண்டு பக்கமாவது எழுதச் சொல். அறையில் என்னோடு பேச இப்போது ஒருத்திதான். வேலைக்கு மணி அடித்துவிட்டது. தைலம் இரண்டு புட்டியாக இருக்கட்டும். இங்கே கொசு ஒன்றுதான் எங்கள் இருவரையும் ஒரே மாதிரி நடத்துகிறது.

உன் மகள்