என் பேரன் மதிப்பு ஆறரையாம்

ஆனி 9, திங்கள்

காலையிலிருந்து மூடாக்கு. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. தறிக்குப் பாவு நூல் நீட்டலாமா வேண்டாமா என்று தெருவே வானத்தைப் பார்த்துக்கினு நின்றது. நாங்கள் நீட்டவில்லை.

ரேஷனில் பருப்பு. என் கண் சொட்டு மருந்து தீர்ந்தது. மருமகள் மலருக்கு நகச்சுத்தி, எலுமிச்சம்பழம் சொருகணும்.

வயிறு எரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பேரன் கோகுல் மதிப்பை எட்டரையிலிருந்து ஆறரைக்கு இறக்கிவிட்டார்கள். நாலு மேட்ச் அடிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். மாநில கிரிக்கெட் லீக்கில் முதல் வருஷம், பத்தொன்பது வயசு. அதுக்குள்ளே இறக்குவதா? யார் இறக்கியது என்று கேட்டால் கம்ப்யூட்டராம். கம்ப்யூட்டர் எந்த மைதானத்தில் ஆடிச்சு?

போனில் ஆடுகிற இந்த விளையாட்டை என் பிள்ளை சேகர்தான் எனக்கும் போட்டுக் கொடுத்தான். ஆளுக்கு ஒரு மதிப்பு, மொத்தம் நூறுக்குள் பதினொரு ஆளை வாங்கி டீம் போடணும். நிஜ மேட்சில் அவர்கள் அடித்தால் நமக்குப் பாயிண்டு. கேப்டன் என்று ஒருத்தனை வைத்தால் அவனுக்கு இரட்டிப்பு. காசு கிடையாது, எங்கள் தெருக்காரர்கள் மட்டும். டீம் போட்டதும் படம் எடுத்து குரூப்பில் போட்டுவிடணும், அப்புறம் யாரும் மாத்தக்கூடாது, பீலா விடக்கூடாது. கடைசியாக வருகிறவர் போட்டோதான் அடுத்த மேட்ச் வரைக்கும் குரூப் படம். மூணு மேட்சாக நான்தான், அரக்குப் புடவையில்.

குழாயடியில் தேவராஜ். பக்கத்து வீடு, எங்கள் தறிக்கும் அவன் தறிக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

"பெரிம்மா, இந்த தபாவும் கோகுல்தானா கேப்டனு?"

"ஆமாடா. உனக்கு என்னா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. போட்டோல நீ சோக்கா கீற. மாத்தாம இருந்தா எனக்கும் வேல மிச்சம்."

பல் தெரிய சிரிக்கிறான். என் பேரனை எடுத்தால் வேஸ்டாம். இவன் கல்யாணத்துக்கு ராத்திரியெல்லாம் கண் விழித்து தேங்காய் துருவியவள் நான்.

ஆத்திரம் இல்லாமல் யோசித்துப் பார்த்தேன்.

கோகுல். நல்லது: ஓட்டம். ஃபீல்டிங், ரெண்டு பேரை ரன் அவுட் பண்ணினான், அதுக்கும் பாயிண்டு உண்டு. பயம் கிடையாது.
கெட்டது: வெளியே போகிற பந்தை விரட்டிக்கினு போகிறான். சொன்னால் கேட்பதில்லை, தாத்தா மாதிரி.
அவன் தப்பு இல்லாதது: ஆறாவதாக இறக்குகிறார்கள். போனதும் தூக்கி அடி என்கிறார்கள். நின்று ஆடுகிற பிள்ளையை அங்கே இறக்கினால்?

இதில் பெரிய கொடுமை, பெத்த அப்பனே அவனை எடுக்கவில்லை.

"நீயே எடுக்கலன்னா ஊரான் எடுப்பானாடா?"

"அம்மா, பாசம் வேற, பாயிண்டு வேற. அவனுக்கு பந்தே வர்றதில்ல."

"பந்து வரலன்னா அவன் என்னாடா பண்ணுவான்?"

"அததான் நானும் சொல்றேன்."

ராத்திரி சேகருக்கு வெறும் ரசம். கோழிக்குழம்பு இருந்தது. கேட்டால் ஊத்தலாம் என்று இருந்தேன். கேட்கவில்லை, அவனும் என் பிள்ளைதானே.


ஆனி 10, செவ்வாய்

புழுக்கம். சொட்டு மருந்து வாங்கியாச்சு, எரிகிறது.

மத்தியானம் கோகுல் போன். சேகர் தறியில். நான் பக்கத்தில் உட்கார்ந்து தார்க் குச்சியில் நூல் சுற்றிக்கினு இருந்தேன். கை காலி இல்லை, போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தேன்.

"ஆயா, யார்கிட்டயும் சொல்லாத. நாளைக்கு என்னை மொதல்ல எறக்கறாங்க."

"தறி ஓடுதுடா, சத்தமா சொல்லு."

"ஓப்பனிங் ஆயா, ஓப்பனிங்!"

"நாளைக்கு நீதான் மொதல்ல எறங்கப் போறியா?"

நான் இதைச் சொல்வதற்கும், தறி நாடாவில் தார் நூல் தீர்ந்து சேகர் தறியை நிறுத்துவதற்கும் சரியாக இருந்தது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசியே வளர்ந்த தொண்டை. எங்கள் தெருவில் யாருக்கு மெதுவாகப் பேச வரும்? வீடு முழுக்க என் குரல் மட்டும் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கமும் தறி ஓடவில்லை. தேவராஜ் சாப்பிடுகிற நேரம்.

சேகர் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். தும்மினால்கூட அங்கிருந்து கிண்டல் பண்ணுகிற தேவராஜ், ஒரு சத்தம் இல்லை.


ஆனி 11, புதன், அமாவாசை

தறி லீவு. எண்ணெய்க் குளியல். வாழைக்காய், பூசணிக்காய், வடை. காக்கா வர நேரமாச்சு.

தெருவே போனும் கையுமாக. குரூப்பைப் பார்த்தேன். எல்லார் டீமிலும் கோகுல்! தேவராஜ் கேப்டனாகவே வைத்திருக்கிறான். பொய் சொல்லக் கூடாது, முதலில் எனக்கு சந்தோஷம்தான். என் பிள்ளை பேர் வரிசையாக. அப்புறம்தான் கோபம் வந்தது. நேற்று வேஸ்டு, இன்றைக்குக் கேப்டனா? நேற்றிலிருந்து இன்றைக்குள் அவனுக்கு கை புதுசாக முளைத்ததா?

சாயந்தரம் தேவராஜ் வீட்டு டிவியில் மேட்ச். கோகுல் முதல் ஆளாக இறங்கினான். விசில் பறந்தது. ரெண்டாவது ஓவரிலேயே வெளியே போன பந்தைத் தொட்டு கீப்பர் கையில் கொடுத்தான்.

கூடமே என் பக்கம் திரும்பியது.

"இன்னா பெரிம்மா, உன் பேச்ச கேட்டு கேப்டன் போட்டா இப்டி கவுத்துட்டியே?"

"நான் உன்கிட்ட எப்படா பேசனேன்? நானும் என் பேரனும் பேசிக்கினு இருந்தோம். செவுத்துல காத வெச்சது நீ!"

"காது வெக்கணுமா? முசரவாக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துக்கினு போவதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டுகிறான், இவர்கள் பாயிண்டு போச்சு என்று அழுகிறார்கள். எழுந்து வந்துவிட்டேன். செருப்பு மாறிப் போச்சு. நாளைக்கு அவனே கொண்டாந்து கொடுக்கட்டும்.


ஆனி 12, வியாழன்

கோகுல் போனில் மலரைக் கூப்பிட்டான். என்னை இல்லை.

நேற்று மேட்சுக்கு முன்னாலேயே எவனோ நெட்டில் லீக் பக்கத்தில் எழுதிவிட்டான்: கோகுல்தான் ஓப்பனிங், அவங்க ஆயாவே சொன்னாங்க. டீம் மேனேஜர் படித்துவிட்டு அவனைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டாராம். உள்ளே பேசியது வெளியே வரக்கூடாது, எதிர் டீமும் பார்க்கும், போனில் ஆடுகிறவனும் பார்ப்பான். இன்னொரு தரம் விஷயம் வெளியே போனால் பையை எடுத்துக்கினு ஊருக்குப் போயிடணும் என்றாராம்.

அடிக்கவில்லை என்று அனுப்பினால்கூட சரி. ஆயா வாயால் அனுப்புவதா?

செருப்பு கொண்டுவந்த தேவராஜைப் பிடித்துக்கொண்டேன்.

"சத்தியமா நான் இல்ல பெரிம்மா. ஐயம்பேட்டை மச்சான்கிட்ட மட்டும் சொன்னேன். அவன் எழுதிட்டான்."

"மச்சானுக்கு சொன்னியே, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா, சொல்லலாமா வேணாமான்னு?"

"சும்மா வெளாட்டுக்கு பெரிம்மா."

"உனக்கு வெளாட்டு. அவனுக்கு அதுதாண்டா பொழப்பு."

செருப்பை வைத்துவிட்டுப் போனான். அது என் செருப்பே இல்லை.

சாயந்தரம் போனை நானே வாங்கிப் பேசினேன். திட்டுவான் என்று பார்த்தேன். திட்டியிருக்கலாம். "பரவால்ல ஆயா. இனிமே உன்கிட்ட எதுவும் சொல்லல, அவ்ளோதான்" என்றான். சாப்பிட்டியா என்று கேட்டேன். சாப்பிட்டானாம். என்ன சாப்பிட்டான் என்று சொல்லவில்லை.


ஆனி 13, வெள்ளி

காமாட்சி கோயில். கல்யாணப் புடவை எடுக்க வந்த கார்கள், ரோட்டைக் கடக்க முடியவில்லை. ஐயர் அர்ச்சனைக்குப் பேர் கேட்டார். மெதுவாகச் சொன்னேன். "சத்தமா சொல்லுங்கோ" என்றார். என் குரல் கேட்காதவர் இவர் ஒருத்தர்தான் பாக்கி.


ஆனி 14, சனி

சேகர் இடுப்பு வலி. தைலம் தேய்த்தேன்.

மலர் அரிசி களைந்துக்கினு அழுகிறாள். என்னவென்று கேட்டேன், தலையை ஆட்டினாள். மறுபடி கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு என் காதுக்குள் சொன்னாள்:

"கட்ட வெரலு அத்தை. நெட்ஸ்ல பந்து பட்டுடுச்சு. நாளைக்கு ஆடல. டாஸ் போடற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கோச்சு சொல்லிட்டாராம். உங்ககிட்ட சொல்லாதன்னுதான் சொன்னான்."

கடைசியில் சொன்னது வலித்தது. அதுவும் என் தலையெழுத்து. விரல் வீங்கியிருக்கா என்று கேட்டேன், பெருவிரல் நீலமாம்.

சேகருக்கும் தெரியும். சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தேன்.

"நாளைக்கு நான் அவன எடுக்காம வுட்டா?"

சோற்றில் கை வைத்தவன் நிறுத்திவிட்டான். "நீ அவன எடுக்கலன்னா அடுத்த நிமிஷம் தெருவுக்கே தெரிஞ்சிடும்மா. அவன வுட்டு நீ என்னிக்கு டீம் போட்டிருக்க? தேவராஜு இப்பல்லாம் உன் டீமத்தான் மொதல்ல பாக்குறான்."

"அப்ப நீ என்னா பண்ணுவ?"

"நான் எப்பவும் எடுக்கறதில்லயே. எனக்கு தொல்லயில்ல."

"உன்ன மாதிரி அப்பன் இருந்தா யாருக்குத்தான் சந்தேகம் வரும்!" என்றேன். மெதுவாகத்தான். மெதுவாகத் திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பாதியிலேயே மூச்சு வாங்குகிறது.


ஆனி 15, ஞாயிறு

விடியற்காலையில் மழை. எதிர் வீட்டு பாவு நனைந்து ஒரே கூச்சல்.

டீம் போட்டேன். கோகுல், ஆறரை. கேப்டன். படம் எடுத்து குரூப்பில் போட்டேன். அது ரெண்டு தடவை போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் தேவராஜ். கையில் என் சரியான செருப்பு.

"பெரிம்மா, மறுபடியும் அவனா? உள்ள விஷயம் ஏதாச்சும் கீதா?"

"என் பேரன்டா. நான் வேற யார வெப்பேன்?"

என் மூஞ்சியையே பார்த்தான். நான் வெற்றிலையில் நரம்பு கிழித்துக்கினு இருந்தேன். போய்விட்டான். பின்னாலேயே அவன் டீம் படமும் வந்தது, அதிலும் கோகுல். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனும் தப்பித்திருப்பான். சொல்லவில்லை. மச்சானுக்கு வாய் இருக்கிறதே.

ஏழு மணிக்கு டாஸ். டிவியில் பதினொரு பேர் வந்தது. கோகுல் பேர் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் விசில், அப்புறம் கூச்சல், அப்புறம் தேவராஜ் தொண்டை:

"பெரிம்மா! உன் பேரன் ஆடலியாமே!"

மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பெரிம்மா, சொந்த ஆயாவுக்கே சொல்லலியா? அவ்ளோதானா உன் மதிப்பு?"

அவனோடு எத்தனை பேர் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. வார்த்தை பல்வரைக்கும் வந்துவிட்டது. எனக்குத் தெரியும்டா, எந்த விரல் என்று தெரியும், என்ன நிறம் என்று தெரியும், உங்கள் எல்லாருக்கும் முன்னாலேயே தெரியும்.

எழுந்து சுவர் ஓரமாகப் போனேன். தறி ஓடவில்லை, இருந்தாலும் தறிக்கு மேலே பேசுகிற குரலிலேயே, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"ஆமாடா தேவராஜு. அவன் என்கிட்ட எதுவும் சொல்றதில்ல."