ஆறு முழமும் ஒரு சாணும்

இன்று காலை தாகேதாவில் நம் சபையின் பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அந்த வாடை வாசலிலேயே மூக்கில் ஏறியது. ஈரம் பட்டதும் பழைய பூச்சுக்கு அடியிலிருந்து கரிக்கோடுகள் மெல்லத் தெரிந்தன: தலைக்கவசம், அகன்ற தோள், கையில் ஈட்டி. நீ வரைந்த கோலியாத். நீ கண்ணை மூடிய பிறகும் உன் அரக்கன் அங்கேயேதான் நிற்கிறான். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. சுண்ணாம்பு மட்டையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தது என் மகன் ஜோசப். அவனும் கோலியாத்தும் ஒரே உயரம்.

அந்த விடுமுறை வேதப் பள்ளி உனக்கு நினைவிருக்கும். நீயும் நானும்தான் டீச்சர்மார். கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும் என்று நான் வாசித்தேன். பாதிப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. "முழம்னா பா லே, டீச்சர்?" என்று ஒருத்தி பர்மாவைக் கலந்து கேட்டாள். நீ முழத்துக்கான பர்மாச் சொல்லையே சொல்லி, முழங்கையை மடக்கி நீட்டினாய். "தவுங்டி, தவுங். முழங்கையிலேர்ந்து நடுவிரல் நுனி வரைக்கும். நோவா கப்பல் கட்டினதும் இதாலதான், கூடாரத்துக்குத் திரை தச்சதும் இதாலதான்."

திரைத்துணி தைத்துப் பிழைத்தவளாயிற்றே, அளவு என்றால் விடுவாயா? சுவரில் அளந்து வரையலாம் என்றாய். ஆனால் உன் கையால் அளக்கவில்லை. ஆறு வயது ஜோசப்பைக் கூப்பிட்டு, அவன் கையைச் சுவரில் வைத்து வைத்து அளந்தாய். கோலியாத்தின் தலை உத்தரத்துக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. உபதேசியார் எட்டிப் பார்த்துப் பதறினார். "என்னம்மா இது, ஒம்பது அடிக்கு மேல இருக்க வேண்டிய ஆளு! இப்படிக் குட்டையாக்கிட்டீங்களே?"

"யார் கை முழம்னு வேதத்துல போட்டிருக்கா அய்யா?" என்றாய். "இதுங்க ராத்திரி பயப்படாம தூங்கட்டும், விடுங்க." அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். நமக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

அந்தச் சின்னக் கைக்காரனுக்கு இப்போது பதினேழு வயது. பார்த்தால் இருபத்தைந்து சொல்வார்கள். மழைக்காலம் முடிந்தால் பதினெட்டு. பதினெட்டானால் பட்டாளத்துக்கு எடுக்கிற பட்டியலில் பெயர் ஏறிவிடும். அதற்கு முன்னாலேயே, ஆள் வாட்டசாட்டமாக இருந்தால் சாயங்காலம் தெருவிலிருந்தே கொண்டுபோகிறார்கள் என்று பேச்சு. மெய்யோ பொய்யோ, அடுத்த தெருவில் ஒரு பிள்ளை வீடு திரும்பவில்லை. அவன் அம்மாவைச் சந்தையில் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

கவலைப்பட்டு எவனும் தன் உயரத்தோடு ஒரு முழத்தைக் கூட்ட முடியாது என்று கர்த்தர் சொன்னதை வைத்தே என்னைக் கிண்டல் செய்வாய். "இன்னிக்கு எவ்வளவு வளந்திருக்கே, காட்டு" என்று என் உச்சந்தலையில் கை வைத்துப் பார்ப்பாய். எனக்குக் கூட்ட வேண்டாம். ஒரு முழத்தைக் குறைக்க வழி உண்டா? அதை மட்டும் சொல்லாமல் போய்விட்டாய்.

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன், சிரிக்காதே. படிப்பை நிறுத்தியவனுக்குப் பள்ளிக்கூடத்துப் பச்சை லுங்கியையும் வெள்ளைச் சட்டையையும் மாட்டித்தான் வெளியே அனுப்புகிறேன். போன வாரம் பாலத்துக்கு அருகில் நாங்கள் வந்த பஸ்ஸை நிறுத்திப் பட்டாளத்து ஆட்கள் ஏறினார்கள். நான் அவன் தலையை இழுத்து என் மடியில் அழுத்தி, சால்வையால் மூடினேன். கால்களை மடக்கச் சொல்லித் தொடையில் கிள்ளினேன். "காய்ச்சல், பதினஞ்சு வயசுதான்" என்று பர்மாவில் சொன்னேன். துப்பாக்கிக்காரன் அந்த நீண்ட கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு மூத்திரம் வந்துவிடும் போலிருந்தது. பிறகு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தான்.

வீடு வந்ததும் ஜோசப் கத்தினான். "அமே, ஏம்மா, நான் என்ன கைக்குழந்தையா?" நான் சால்வையை உதறி மடித்தேன்.

நீ மருத்துவமனையில் கடைசியாகப் பேசியதை யாரிடமும் சொன்னதில்லை. "எனக்கும் எப்பவும் பயம்தான்டி. பிள்ளைங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் சத்தமா சிரிப்பேன்." அன்று உன்னை நம்பவில்லை. இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது அந்த வார்த்தை ஒன்றுதான்.

இன்று சாயங்காலம் அவன் வேலைக்குக் கிளம்பினான். குனிந்து வாசலைக் கடந்தும் மேல்நிலையில் தலையை இடித்துக்கொண்டான். இந்த உயரத்தோடுதான் தெருவில் இறங்கப் போகிறான். இருந்தும் நான் உன்னைப் போலவே சத்தமாகச் சிரித்தேன். "கொஞ்சம் வளராமத்தான் இரேன்டா!"

ஜோசப் திரும்பிப் பார்த்தான். என்னைவிடச் சத்தமாகச் சிரித்தான்.