சக்கரத்தில் சிக்கிய கிளை

என் செல்லக் கோபக்காரருக்கு,

மகளின் நாடகத்துக்கு நான் வந்து சேரவில்லை. மேடையிலிருந்து என்னைத் தேடினாளா? மழையில் போன் செத்துக் கிடக்கிறது. ஜீப்பில் கீழே வரும் டாக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பள்ளத்தாக்கில் விமானத்தை ஒரு பக்கச் சரிவை ஒட்டியே ஓட்ட வேண்டும், அப்போதுதான் திரும்ப இடம் இருக்கும் என்று புது விமானிகளுக்கு நான் பாடம் எடுக்கும்போதெல்லாம் நீங்கள் கொட்டாவி விடுவீர்களே, இன்று நாடகத்தை நினைத்துக்கொண்டே நானே நட்டநடுவில் போய்விட்டேன். கணவாயை மேகம் அடைத்திருந்தது. பின் இருக்கையில் பயணியாக இருந்த மளிகைக்காரர், "அஞ்சே நிமிஷம்மா, அந்தப் பக்கம் வெயில் அடிக்கும், தாண்டிடலாம்" என்றார். எனக்கும் அந்த ஆசைதான். ஆனாலும் திருப்பிவிட்டேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

திரும்ப இடம் கொஞ்சம் குறைவாக இருந்தது. அவ்வளவுதான்.

புறப்பட்ட இடத்திலேயே வந்து இறங்கியதும், மெக்கானிக் சக்கரத்திலிருந்து ஒரு பச்சைக் கிளையை உருவி என் கையில் கொடுத்தான். "டீ சாப்பிடுறீங்களாக்கா?" என்றான். என் டீ ஏனோ பாதி கொட்டிவிட்டது. மளிகைக்காரர் கிளையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் டீயை என் பக்கம் நகர்த்தினார்.

அந்தக் கிளையிலிருந்து ஓர் இலையை இதோடு வைத்திருக்கிறேன். அம்மா மலையிலிருந்து அனுப்பினாள் என்று மட்டும் மகளிடம் சொல்லுங்கள்.

வந்ததும் ஆசை தீரத் திட்டுங்கள். வாங்கிக்கொள்ள நான் இருக்கிறேன்.

உங்கள்
தாமதக்காரி